பனிமலையைத் துளைத்த கைகள்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இன்று மகனோ மகளோ ஐரோப்பாவில் பணிபுரிகிறார்கள். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் கோடைகாலத்தையே தேர்ந்துகொள்வது வழக்கம். குளிர்காலத்தில் அங்கே குடும்பத்தோடு காரில் பல நாடுகளைச் சுற்றிவர இயலுமா என்று அன்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இயலும் என்பதே எங்கள் விடை. சென்ற குளிர்காலத்தில் நாங்கள் ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய ஐந்து நாடுகளின் வழியாக ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் சென்று வந்தோம். எங்கள் மகளும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கார் ஓட்டினார்கள். பேரனும் பேத்தியும் உடன் வந்தார்கள். ஆக, நாங்கள் அறுவர்.

இம்மாதம் இப்பகுதியை அந்தப் பிரயாணத்துக்கே ஒதுக்குகிறோம். போகும் வழியையும் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளையும் சொல்வதோடு, அந்த வழியை அமைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அவர்களும் நம்மைப் போலவே பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள்.

புறப்படுமுன்

ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க் நாட்டில் மோசல் நதிக்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று அவ்வூர்த் துறையில் நின்ற ஒரு கப்பலில் பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள், தங்களுக்கு இடையே உள்ள எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதென்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1995 மார்ச் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தும் 2008 டிசம்பரில் இந்த ஏற்பாட்டில் இணைந்தது. ஆகவே ஒரே விசாவில் ஐந்து நாடுகளையும் பார்த்துவிடலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறோமோ அந்த நாட்டினிடமே விசா கேட்க வேண்டும் என்பது விதி. தாமே கார் ஓட்ட விரும்புவோர், நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும்.

எல்லைகள் மறைந்தாலும் சாலை விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. பனிக்கால டயரை எடுத்துக்கொள்வோம். அந்த டயரின் ரப்பர் குளிரில் இறுகிப்போகாது; பக்கவாட்டில் மூன்று சிகரங்களுள்ள மலையும் அதன் நடுவே ஒரு பனித்திவலையும் பொறித்திருக்கும். ஜெர்மனியில் சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருந்தால் அது கட்டாயம். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை சாலையின் நிலைமைக்கேற்ப அவ்விதி செல்லும். பிரான்ஸில் மலைப்பகுதிகளில் நவம்பர் முதல் மார்ச் முடிய அந்த டயராவது சக்கரச் சங்கிலியாவது வேண்டும். இத்தாலியில் பல சாலைகளில் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவ்வாறே. சுவிட்சர்லாந்தில் தேதி குறித்த கட்டாயம் இல்லை; ஆயினும் பொருந்தாத டயரோடு விபத்து நேர்ந்தால் பொறுப்பு ஓட்டியவர் தலையில் விழும். வாடகைக் கார் எடுக்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

சாலைக் கட்டணமும் இவ்வாறே. ஜெர்மனியில் காருக்குக் கட்டணம் இல்லை. பிரான்ஸிலும் இத்தாலியிலும் போகும் தூரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தில் 40 பிராங்குக்கு ஆண்டு வில்லை ஒன்றே உண்டு. ஒரு நாள் போனாலும் அதைத்தான் வாங்க வேண்டும். ஆஸ்திரியாவில் சில நாட்களுக்கு மட்டுமான வில்லையும் கிடைக்கும். பிரென்னர் சாலைக்குத் தனிக் கட்டணம் உண்டு.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெய், பால்கோவா முதலிய பால் பொருள்களையும் இறைச்சியையும் பிரயாணிகள் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் காய்கறிகளுக்கும் இலைகளுக்கும் பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி கிடையாது. ஆகவே கறிவேப்பிலையை ஊரிலேயே விட்டுவிட வேண்டியதுதான். சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக்கூடியவை ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, முள்நாறி என்னும் டுரியன். நாங்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோனோம். அரிசியும் தயிரும் எந்த ஊரிலும் கிடைக்கும். சிறிய மின்சார அடுப்பு ஒன்றும் பாத்திரம் ஒன்றும் எங்கள் ஆறு பேரையும் பத்து நாள் காப்பாற்றின.

ரைன் நதிக்கு அக்கரை

டிசம்பர் இறுதியில் பிராங்க்பர்ட் நகரில் காலை எட்டு மணிக்குப் பிறகே சூரியன் உதிக்கிறது. மாலை நாலரை மணியளவில் மறைந்துவிடுகிறது. ஆகவே பகற்பொழுது எட்டு மணி நேரமே. குழந்தைகளோடு செல்பவர்கள் நாளொன்றுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாமல், இருட்டுமுன் விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது உத்தமம். குளிர்காலச் சாலையில் கண்ணுக்குத் தெரியும் வெண்பனியைவிடத் தெரியாத பனிக்கட்டியே அபாயமானது. நீர் கண்ணாடிபோல் உறைந்து, தாரின் கருமையே மேலே தெரியும். சாலை வெறுமனே நனைந்திருப்பதாகத் தோன்றும். பாலங்களின்மேல் காற்று கீழிருந்தும் வீசுவதால் அங்கேதான் முதலில் உறைகிறது.

அங்குள்ள சாலை ஒழுக்கத்தில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்பட்டு வண்டிகள் நகர முடியாமல் மெதுவாகும்போதே, இடது வரிசையில் உள்ளவர்கள் இடப்புறம் ஒதுங்குகிறார்கள். மற்றவர்கள் வலப்புறம் ஒதுங்குகிறார்கள். நடுவே ஒரு சந்து உண்டாகிறது. ஆம்புலன்ஸ் வரும்போது வழி தேட வேண்டியதில்லை. வழி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இது சட்டம். ஒருவர் ஹாரன் அடித்தும் நாங்கள் கேட்கவில்லை.

ரைன் நதியின் பாலத்தைக் கடந்தால் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர். 1871க்கும் 1944க்கும் இடையில் இந்நகரம் நான்கு முறை கை மாறியது. முதலில் ஜெர்மனிக்கும், 1918இல் பிரான்ஸுக்கும், 1940இல் மீண்டும் ஜெர்மனிக்கும், 1944இல் மீண்டும் பிரான்ஸுக்கும் உரியதாயிற்று. இன்று 2017 முதல் நகரத்து டிராம் வண்டியே நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் நகருக்குப் போய்வருகிறது. இந்த நகரின் கிறிஸ்துமஸ் சந்தை 1570ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. 142 மீட்டர் உயரமுள்ள மாதா கோயிலின் ஒற்றைக் கோபுரம், அதன் அடியில் மரக்கடைகள், வறுத்த செஸ்ட்நட் கொட்டையின் மணம் ஆகியவற்றை எங்கள் பேரன் வெகுநாள் மறக்க மாட்டான். அந்தக் கொட்டையைக் காகிதப் பொட்டலத்தில் சுடச்சுடக் கொடுக்கிறார்கள். கைக்கு வெப்பமும் ஆயிற்று, வாய்க்கு உணவும் ஆயிற்று.

பாசல் நகரில் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தோம். அங்கே சுங்க அதிகாரிகள் உண்டு. ஆனால் எங்களை நிறுத்தவில்லை. சிறிது சுற்றுவழியானாலும் பெர்ன் நகருக்குப் போனோம். 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட மதங்களின் இல்லம் என்ற கட்டடம் அங்கே இருக்கிறது. எட்டு மதத்தவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடும் இடம் அது. அதற்குள் தமிழ்ச் சைவர்களின் கோயில் ஒன்றும் உண்டு. பூசை தமிழிலேயே நடக்கிறது. பெண்களும் பூசை செய்கிறார்கள். வெளியே வெண்பனி, உள்ளே விபூதியும் கற்பூரமும். 1980களில் இலங்கைப் போரினின்றும் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் இன்று அந்நாட்டில் சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள். ஆரம்பத்தில் அவர்களில் பலர் உணவுச்சாலைகளின் சமையற்கட்டுகளில்தான் வேலை பார்த்தார்கள். கோயிலில் இருந்த முதியவர் ஒருவர் எங்கள் பேரக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, "வாங்கோ, பிள்ளையளுக்குப் பசிக்கும், சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். ஊர் எது, யார் என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

மலையின் வயிற்றுக்குள்

ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்து தெற்கே போக வேண்டுமானால் கோத்தார்ட் வழியே பிரதானம். 2,106 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய்ச் சாலை குளிர்காலம் முழுவதும் பனியில் மூடிக்கிடக்கும். ஆகவே மலையின் அடியில் குடைந்த சுரங்கப்பாதையில்தான் போக வேண்டும். 1980 செப்டம்பர் 5 அன்று திறக்கப்பட்ட அந்தச் சாலைச் சுரங்கம் 16.9 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதற்கு முன்னெல்லாம் குளிர்காலத்தில் வருகிற கார்களை ரயிலில் ஏற்றி, ரயில் சுரங்கம் வழியாக மறுபக்கம் கொண்டுபோய் இறக்குவார்கள்.

ஒரே குழாயில் இரு திசைகளிலும் வண்டிகள் போகின்றன. 2001 அக்டோபர் 24 அன்று உள்ளே இரண்டு லாரிகள் மோதித் தீப்பற்றியதில் 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு லாரிகளை இடைவெளி விட்டு எண்ணி எண்ணியே உள்ளே விடுகிறார்கள். சுமார் 250 மீட்டருக்கு ஓரிடத்தில் புகை புகாத அறைகள் உண்டு. அவற்றிலிருந்து பக்கத்தில் இணையாகச் செல்லும் காப்புச் சுரங்கத்துக்குப் போய்விடலாம். உள்ளே நுழையுமுன் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது பயமுறுத்தல் ஆகாது. நாங்கள் சொன்னோம், பேரன் பச்சை விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தான். வடக்கே கெஷெனனில் கனத்த பனி பெய்துகொண்டிருந்தது. கால் மணி நேரத்துக்குப் பின் தெற்கே ஐரோலோவில் வெளிவந்தால் நீல வானம், வெயில்! மலை மேகத்தைத் தடுத்து நிறுத்திவிடுவதால் இந்த விந்தை அங்கே அடிக்கடி நிகழ்வதே.

ஐரோலோ ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. காரிலிருந்து இறங்கி அதைப் பார்க்காமல் போகக் கூடாது என்பது எங்கள் கருத்து. இறந்த தோழனைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் சிலர் குனிந்து செல்கிறார்கள். வின்செஞ்சோ வேலா என்ற சிற்பி, ரயில் சுரங்கம் திறக்கப்பட்ட காலத்தில் இதைச் செய்தார். தம் இளமையில் தாமே கல் உடைத்தவர் அவர். அதன் வெண்கல வார்ப்பை 1932இல், சுரங்கத்தின் ஐம்பதாம் ஆண்டில், அங்கே நிறுவினார்கள்.

15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் சுரங்கத்தை 1872 முதல் தோண்டினார்கள். தோண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். உள்ளே வெப்பம் 30 பாகைக்கு மேல், டைனமைட் புகை, முழங்கால் அளவு நீர். காற்றோட்டமும் கூலியும் வேண்டுமென்று 1875 ஜூலையில் கெஷெனனில் வேலைநிறுத்தம் செய்தபோது, அழைத்துவரப்பட்ட காவற்படையினர் சுட்டு நால்வர் மாண்டனர். விபத்துகளில் மட்டும் ஏறக்குறைய 200 பேர் உயிரிழந்தார்கள். இதற்கு மேல் ஒரு வியாதியும் பரவிற்று. தொழிலாளர்கள் காரணம் தெரியாமல் வெளுத்து, மெலிந்து, மூச்சிரைத்து வீழ்ந்தார்கள். 1880இல் தூரின் நகர மருத்துவர்கள் ஆராய்ந்து, குடலில் கொக்கிப்புழு இருப்பதைக் கண்டார்கள். கழிப்பிடம் அமைத்துத் தராத சுரங்கத்தின் வெதுவெதுப்பான சேற்றில் அந்தப் புழு பெருகிற்று. நம் நாட்டு வயல்களிலும் தோட்டங்களிலும் உழைப்பாளிகளுக்குச் சோகை உண்டாக்கிய கொக்கிப்புழு, பனிமலையின் வயிற்றுக்குள்ளும் ஏழையைத் தேடிப் பிடித்திருக்கிறது!

ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ரும் தப்பவில்லை. 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார். மறு ஆண்டு பிப்ரவரி இறுதியில் இருபுறத்துத் தோண்டலும் சந்தித்தபோது, துளையின் வழியே முதலில் நீட்டியது அவருடைய படத்தைத்தான். அதில் ஓர் உருக்கம் இருக்கிறது. ஆனால் மற்ற இருநூறு பேருக்குப் படம் ஏது? அவர்களுக்காக அந்தச் சிற்பம் ஒன்றே பேசுகிறது.

பேசக் கூடாத குழந்தைகள்

அன்றிரவு தெற்கே பெலின்சோனா நகரில் சிறு விடுதியொன்றில் தங்கினோம். அங்கே பேசுவது இத்தாலிய மொழி. விடுதியை நடத்தும் அம்மையாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். எங்கள் மகள் ஜெர்மனில் பேச, அவரும் சரளமாக ஜெர்மனில் விடை கூறினார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "ஜன்னலுக்குப் பின்னாலிருந்து" என்றார். முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. சோற்றையும் புளிக்காய்ச்சலையும் அவருக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்து, உட்காரச் சொன்னோம். அவர் சொன்னதை மகள் தமிழில் எங்களுக்குச் சொல்லிவந்தாள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவிட்சர்லாந்தில் வீடுகளும் அணைகளும் சாலைகளும் பெருகின. அவற்றைக் கட்ட இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்தது பருவகால அனுமதி. ஒன்பது மாதம் வேலை. பிறகு, பனி விழுந்து கட்டட வேலை நிற்கும் காலத்தில், நாட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். மறு ஆண்டு திரும்பி வரலாம். மனைவியையும் மக்களையும் உடன் வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி இல்லை. 1934 முதல் நடப்பில் இருந்த அந்த முறை 2002ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

சட்டம் அவ்வாறு கூறினாலும் தாய்மார்களின் மனம் கேட்குமா? சுற்றுலாப் பயணிகளைப்போல் குழந்தைகளை அழைத்துவந்து, தவணை முடிந்த பிறகும் அறைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனபின் குழந்தை தனியே இருக்கும். ஓடக் கூடாது, பாடக் கூடாது, ஜன்னலருகே நிற்கக் கூடாது, யார் கதவைத் தட்டினாலும் மூச்சு விடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போவது எப்படி? அண்டை வீட்டார் புகார் செய்துவிட்டால் குடும்பமே வெளியேற வேண்டியதுதான். இவ்வாறு ஒளிந்து வளர்ந்த குழந்தைகள் பல்லாயிரம் பேர். அந்த அம்மையார் அவர்களுள் ஒருவர். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை அவர் அவ்வாறு இருந்தாராம். ஜன்னலுக்கு வெளியே விளையாடிய குழந்தைகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டே ஜெர்மன் வந்துவிட்டதாம்.

"எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த காலம் டிசம்பர்" என்றார் அவர். "அப்போதுதான் அப்பாவின் அனுமதி முடியும். கோத்தார்ட் சுரங்கம் வழியாக ரயிலில் ஊருக்குப் போவோம். கியாஸோ நிலையத்தில் எல்லை தாண்டியதும் அப்பா என் தோளைத் தொட்டு, இனி உரக்கப் பேசலாம் என்பார். நான் என்ன பேசுவதென்று தெரியாமல் உரக்க எண்ணிக்கொண்டே போவேன்."

பிறகு தந்தைக்கு ஆண்டு அனுமதி கிடைத்து, ஏழாவது வயது முடியும் தறுவாயில் பள்ளியில் சேர்ந்தாராம். சேர்ந்த நாளில் ஆசிரியை கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் கிசுகிசுத்தே விடை சொன்னாராம்.

இதைக் கேட்டபின் எங்களுக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. அம்மையாரோ புளிச்சோற்றை மீண்டும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்நாட்டின் வரலாற்றில் இதனோடு சேர்த்து எண்ண வேண்டியவை வேறு சிலவும் உண்டு. 1965 ஆகஸ்ட் 30 அன்று மாட்மார்க் என்ற இடத்தில் அணை கட்டிய தொழிலாளர்களின் குடியிருப்புகள்மீது பனிப்பாறை சரிந்து 88 பேர் மாண்டனர். அவர்களில் 56 பேர் இத்தாலியர். 1972இல் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலையானார்கள். மேல்முறையீடும் தோற்று, வழக்குச் செலவில் பாதியை இறந்தவர்களின் குடும்பத்தாரே ஏற்க வேண்டியதாயிற்று. 1970 ஜூன் 7 அன்று, வெளிநாட்டவரின் தொகையை வெட்டிக் குறைக்க வேண்டுமென்ற யோசனை மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. நிறைவேறியிருந்தால் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேற நேர்ந்திருக்கும். வாக்களித்தவர்களில் 54 விழுக்காட்டினர் அதை நிராகரித்தார்கள். அதே மக்களிடையே இரு விதமான மனமும் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. இன்று அந்நாட்டில் முன்பு ஒளித்து வைக்கப்பட்ட குழந்தைகள் வெளிப்படையாகத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை எழுதிவருகிறார்கள்.

திரும்பும் வழி

மிலான், வெரோனா நகரங்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஆகவே நாங்கள் விரித்துரைக்கவில்லை. வெரோனாவிலிருந்து வடக்கே பிரென்னர் கணவாய்க்கு ஏறும் நெடுஞ்சாலை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இடையில் வரும் போல்சானோ பகுதி முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்தது. முசோலினியின் ஆட்சியில் அங்கே ஜெர்மன் மொழியில் பாடம் சொல்லித் தருவதற்குத் தடை இருந்தது. தாய்மார்களும் இளம் பெண்களும் வீட்டுச் சமையலறைகளிலும் பரண்களிலும் இரகசியமாக எழுத்துக் கற்பித்தார்கள். இன்று ஒவ்வோர் ஊர்ப்பலகையிலும் இரு மொழிகளும் இருக்கின்றன. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளை அனுப்பச் சோம்பும் அன்பர்கள் அந்தப் பலகைகளை ஒரு முறை பார்த்து வரலாம்.

பிரென்னர் கணவாய் 1,370 மீட்டர் உயரமே உள்ளது. ஆல்ப்ஸின் பெரிய கணவாய்களில் தாழ்ந்தது அதுவே; ஆகவே குளிர்காலத்திலும் சாலை திறந்திருக்கிறது. பனி வாரும் வண்டிகள் இரவெல்லாம் உழைக்கின்றன. நாங்கள் கடந்த காலையில் ஒன்றன்பின் ஒன்றாக அவை முன்னே போக, வரிசையாகக் கார்கள் பின்தொடர்ந்தன. எவரும் முந்த முயலவில்லை. 1998 ஏப்ரல் 1 வரை அங்கே எல்லைத் தடுப்புகள் இருந்தன. இன்று பலகையைப் பார்த்துத்தான் நாடு மாறியதை அறிய வேண்டும். ஆஸ்திரியப் பக்கத்தில் பள்ளத்தாக்கின் மேல் 190 மீட்டர் உயரத்தில் ஐரோப்பாப் பாலம் நிற்கிறது. 1963இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டும்போது இறந்த தொழிலாளர்களின் நினைவாகப் பக்கத்திலேயே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பாலத்தில் ஒரு நிமிஷத்துக்குள் கார் கடந்துவிடுகிறது.

இன்ஸ்ப்ரூக் தாண்டி ஜெர்மனிக்குள் நுழையும் இடத்தில் முதன்முறையாக எங்களை நிறுத்தினார்கள். ஆஸ்திரிய எல்லையில் 2015 முதலே ஜெர்மனி சோதனை செய்துவருகிறது. 2024 செப்டம்பரில் அதைத் தன் எல்லா நில எல்லைகளுக்கும் விரிவாக்கியது. ஆகவே விசா இருந்தாலும் பாஸ்போர்ட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். இளம் போலீஸ்காரர் ஒருவர் ஆறு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். பேத்தி உறங்குவதைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இரண்டு நிமிஷ வேலைதான். ஆயினும் பேரன் தன் தாயின் காதருகே, "அம்மா, நம்மை உள்ளே விடுவார்களா?" என்று கேட்டான். அவன் பிராங்க்பர்ட்டில் பிறந்தவன். "நீ பிறந்த ஊருக்குத்தானே போகிறோம்" என்றாள் மகள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தக் கேள்வி ஒரு குழந்தையின் மனத்தில் எழுந்ததை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம்மைப் பற்றி ஒன்று

நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் மும்பைக்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் தனியாட்களாக வந்தவர்கள். மெஸ்ஸில் உண்டு, ஓர் அறையில் நால்வராகப் படுத்து, வீடு கிடைத்தபின் குடும்பத்தை அழைத்துவந்தவர்கள். வீடு கிடைப்பது கடினமாக இருந்தது. கேலிப் பேச்சும் இருந்தது. சில காலங்களில் சில நகரங்களில் பகைமையும் இருந்தது. ஆயினும் நம் குழந்தைகளை அலமாரிக்குப் பின் ஒளிக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழும் உரிமையைக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. நமக்கு அது மூச்சுக் காற்றுப்போல் பழகிவிட்டது. பெலின்சோனாவில் அந்த அம்மையாரின் எதிரே அமர்ந்திருந்தபோதுதான் அதன் விலை தெரிந்தது.

அந்த உரிமை ஏட்டில் இருந்தாலும் எல்லோருக்கும் எட்டிவிடவில்லை. நாம் வாழும் நகரங்களில் மெட்ரோ சுரங்கம் தோண்டுவோரும் மேம்பாலம் கட்டுவோரும் பெரும்பாலும் வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தகரக் கொட்டகைகளை நாம் தினமும் கடந்து போகிறோம். அங்கே பள்ளிக்கூட நேரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளையும் பார்க்கிறோம். அவர்களை எவரும் ஒளிக்கவில்லை, நாம்தான் பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எந்தக் குழந்தையையும், வயதுச் சான்று இல்லை என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வருவதற்குத் தாமதமானாலும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். இது தெரியாத பெற்றோர் அநேகர். மொழி தெரியாத ஊரில் அலுவலகப் படியேற அவர்களுக்கு அச்சமும் உண்டு. அந்த அச்சம் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று.

நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டருகே உள்ள கட்டட வேலைத்தளம் ஒன்றில் இவ்வாறு ஒரு குழந்தையையாவது கண்டுபிடித்து, பெற்றோரோடு பள்ளிக்குச் சென்று சேர்த்துவிட்டால் அது பெரிய காரியம். அக்குழந்தையின் மொழி தமிழாக இருக்க வேண்டியதில்லை. செய்தவர்கள் எங்களுக்கு ஒரு வரி எழுதினால், வரும் இதழ்களில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.